முதல் நாவலின் அட்டையும் கையெழுத்து நிகழ்ச்சியும்: கடைக்காரர் பக்கத்திலிருந்து

கேள்வி இதுதான்: முதல் நாவல் ஜனவரியில் சென்னைப் புத்தகக் காட்சிக்கு வரப்போகிறது, பதிப்பாளர் மூன்று அட்டை மாதிரிகளை அனுப்பி ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லியிருக்கிறார், அப்புறம் ஊரில் ஏதாவது ஒரு கடையில் வாசகர்களுக்குக் கையெழுத்திட்டுத் தரும் நிகழ்ச்சி வைக்கலாமா என்றும் ஒரு யோசனை. இதெல்லாம் விற்பனைக்கு உண்மையிலேயே உதவுமா, புத்தகக் கடைக்காரர்கள் இதை எப்படிப் பார்க்கிறார்கள்?

மதுரையில் புத்தகக் கடை நடத்துகிறவன் என்ற முறையில் சொல்கிறேன். இரண்டும் உதவும். அட்டை, உங்களை யாரென்றே தெரியாத ஒருவர் கையை நீட்டி எடுப்பதற்காக. கையெழுத்து நிகழ்ச்சி, நீங்கள் கிளம்பிப் போன பிறகும் உங்கள் புத்தகத்தைப் பற்றிப் பேச அந்தக் கடையில் ஓர் ஆள் இருப்பதற்காக. எழுத்தாளரும் நண்பர்களும் பார்த்து மகிழ்வதற்காக மட்டும் இவற்றைச் செய்தால் செலவுதான் மிஞ்சும். இதை மனதில் வைத்துக்கொண்டால் மற்ற முடிவுகளை எடுப்பது எளிது.

முதலில் அட்டை. எங்கள் வட்டாரத்தில் இன்னும் பலர் ராப்பர் என்றுதான் சொல்வார்கள். அட்டைக்கு எவ்வளவு வலு உண்டு என்பதைப் பார்க்க 'பொன்னியின் செல்வன்' போதும். கல்கியின் எழுத்துகள் நாட்டுடைமை ஆனவை என்பதால் யார் வேண்டுமானாலும் அச்சிடலாம், அச்சிடுகிறார்கள். ஒரே கதை, ஒரே வரிகள், ஆனால் என் கடையிலேயே நாலைந்து பதிப்பகங்களின் பதிப்புகள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். 2022இல் படம் வந்த சமயத்தில் இதுவரை தமிழ் நாவலே வாங்காத பிள்ளைகள் கூட வந்து கேட்டார்கள். அவர்களுக்குப் பதிப்பக வேறுபாடெல்லாம் தெரியாது. அட்டையைப் பார்த்து ஒன்றை எடுப்பார்கள், பிரித்து எழுத்து கண்ணுக்கு இதமாக இருக்கிறதா என்று பார்ப்பார்கள், விலையைப் பார்ப்பார்கள், அவ்வளவுதான். பெரியவர்கள் வேறு மாதிரி. கல்கி இதழில் 1950களின் தொடக்கத்தில் தொடராக வந்தபோது ஓவியர் மணியம் வரைந்த படங்கள் இருக்கிற பதிப்பு உண்டா என்று கேட்பவர்கள் இன்றும் வருகிறார்கள். அவர்களைப் பொறுத்தவரை வந்தியத்தேவன் முகம் எப்போதோ மணியம் கையால் முடிவாகிவிட்டது. வரிகள் அத்தனையும் ஒன்றாக இருக்கும்போது ஆளுக்கு ஒரு பதிப்பைக் கையில் எடுக்க வைப்பது அட்டையும் தாளும் எழுத்தளவும்தான்.

உங்கள் நாவலுக்கு அப்படி முன்பே பரவிய பெயர் கிடையாது. அதனால் அட்டை இன்னும் கூடுதலாக உழைக்க வேண்டும்.

அட்டை எந்த இடத்தில் உழைக்கப் போகிறது என்பதை யோசியுங்கள். புத்தகக் காட்சியில் மேசை மேல் படுக்க வைத்திருப்பார்கள், முகப்பு முழுதும் தெரியும். புத்தக விற்பனையாளர், பதிப்பாளர் சங்கமான பபாசி 1977இல் தொடங்கிய சென்னைக் காட்சியில் அண்மை ஆண்டுகளில் 900 அளவுக்கு அரங்குகள் இருக்கின்றன. நடந்துகொண்டே பார்க்கிறவரின் கண் ஒரு புத்தகத்தின் மேல் நிற்பது ஒன்றிரண்டு நொடிதான். அங்கே தூரத்திலிருந்தே தலைப்பைப் படிக்க முடிய வேண்டும். கடையில் நிலைமை தலைகீழ். புதிதாக வந்தவை சில வாரம் முன்மேசையில் இருக்கும், பிறகு அலமாரிக்குப் போகும், போனால் முதுகு மட்டும்தான் தெரியும். உங்கள் புத்தகத்தின் கடை வாழ்க்கையில் பெரும்பகுதி முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பதுதான், ஆனால் பதிப்பாளர் எழுத்தாளருக்கு அனுப்பும் மாதிரியில் பெரும்பாலும் முகப்பு மட்டுமே இருக்கும். முதுகையும் பின்னட்டையையும் சேர்த்து விரித்த வடிவில் அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். மூன்றாவது இடம் கைபேசித் திரை. இணையக் கடைகளில் அட்டை ஒரு கட்டைவிரல் நகம் அளவுக்குச் சுருங்கிவிடும், அங்கே மெல்லிய கோடுகளும் இளநிறத் தலைப்பும் காணாமல் போகும்.

முதுகைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் யாரும் சொல்வதில்லை. 160 பக்க நாவல் என்றால் 80 தாள், வழக்கமான தாளில் முதுகு ஒரு சென்டிமீட்டர் கூட வராது. அந்த இடத்தில் நாலு சொல் தலைப்பு, ஆசிரியர் பெயர், பதிப்பகச் சின்னம் எல்லாம் போக வேண்டும். ஆங்கிலத் தலைப்பை ஓர் எழுத்தின் கீழ் இன்னோர் எழுத்தாக அடுக்கிவிடலாம், தமிழில் கொ, ணை போன்றவற்றை அப்படி அடுக்கினால் படிக்கவே முடியாது. படுக்க வைத்து எழுதுவதுதான் வழி, எனவே எழுத்து தடிமனாகவும் பின்னணி ஒரே நிறமாகவும் இருக்க வேண்டும். முகப்புப் படத்தை அப்படியே முதுகு வரை இழுத்துவிட்டு அதன் மேல் வெள்ளை எழுத்தில் தலைப்பைப் போட்ட புத்தகங்கள் என் அலமாரியில் நிறைய இருக்கின்றன, நானே தேடித்தான் எடுக்க வேண்டியிருக்கிறது. கவிதைத் தொகுப்புகளின் பாடு இன்னும் மோசம். 64 பக்கத்துக்கு முதுகு என்று ஒன்று கிடையவே கிடையாது, இரண்டு தடித்த புத்தகங்களுக்கு நடுவே போனால் அவ்வளவுதான். அதனால் கவிதைகளை நான் எப்போதும் முகப்பு தெரியும்படி தனித் தட்டில்தான் வைக்கிறேன்.

தலைப்பின் எழுத்துக்கு வருகிறேன். தமிழில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து என்ற வேறுபாடு இல்லை, எழுத்துகள் அகலமானவை, மேலும் கீழும் கொம்பும் சுழியும் நீளும். கணினியில் கிடைக்கிற ஏதோ ஓர் எழுத்துருவைப் பெரிதாக்கிப் போட்டால் அட்டை அரசாங்கச் சுற்றறிக்கை மாதிரி ஆகிவிடும். ஓவியர் ஆதிமூலம் தூரிகையால் எழுதிய தலைப்புகளைப் பார்த்திருப்பீர்கள். சிறுபத்திரிகைகளுக்கும் நூல்களுக்கும் அவர் எழுதிக் கொடுத்த அந்த எழுத்துகளே பாதி அட்டை, படம் இல்லாவிட்டாலும் நிற்கும். ஓவியர் ட்ராட்ஸ்கி மருதுவின் கோடுகள் உள்ள அட்டையை, பெயரைப் பார்ப்பதற்கு முன்பே வாசகர்கள் அடையாளம் கண்டுகொள்வதை நான் கவனித்திருக்கிறேன். உங்கள் பதிப்பாளரால் ஓவியருக்குக் கொடுக்க முடிகிற தொகை குறைவு என்றால் படத்தை விடுங்கள், தலைப்பை மட்டும் நல்ல கையால் எழுதி வாங்குங்கள். ஒற்றை நிறப் பின்னணியில் நல்ல எழுத்து என்பது சுமாரான படத்தைவிடப் பல மடங்கு மேல்.

படம் என்றதும் ஒரு வேண்டுகோள். சூரிய அஸ்தமனம், ஒற்றை மரம், முகம் தெரியாத பெண்ணின் பின்புறம், விரிந்த கைகள்: இவை வேண்டாம். தப்பான படங்கள் என்பதால் சொல்லவில்லை, என் மேசையில் ஏற்கெனவே இவை போட்ட புத்தகங்கள் ஏராளம் கிடக்கின்றன, உங்களுடையது அவற்றோடு கலந்துவிடும். இணையத்தில் கிடைத்த ஒளிப்படத்தை எடுத்தவரிடம் கேட்காமல் போடுவது திருட்டு, அதில் பேச்சுக்கு இடமில்லை. இப்போது செயற்கை நுண்ணறிவு வரைந்த அட்டைகளும் வரத் தொடங்கிவிட்டன. கரிசல் காட்டுக் கதைக்கு எந்த ஊர் என்றே சொல்ல முடியாத ஒரு வயல், எந்த வட்டாரத்திலும் யாரும் கட்டாத விதத்தில் சேலை கட்டிய ஒரு பெண். கோவில்பட்டிப் பக்கத்து வாசகர் அதைப் பார்த்த உடனே கீழே வைத்துவிடுகிறார். எழுத்தாளர் கி. ராஜநாராயணனின் 'கரிசல் காட்டுக் கடுதாசி'க்கு ஆதிமூலம் வரைந்த கோட்டோவியங்களை எடுத்துப் பாருங்கள், மண்ணைத் தெரிந்த கோடு எப்படி இருக்கும் என்று புரியும்.

நாவலா சிறுகதையா கட்டுரையா என்பதை முகப்பிலேயே சின்னதாகப் போடச் சொல்லுங்கள். தமிழ்ப் பதிப்பாளர்களில் பலர் இதைச் செய்கிறார்கள், நல்ல வழக்கம். மொழிபெயர்ப்பு என்றால் 'தமிழில்' என்று மொழிபெயர்த்தவர் பெயரை முகப்பில் போடுவதும் நம்மிடம் பரவலாக உண்டு. ஆங்கிலப் பதிப்புலகில் 2021இல் ஜெனிஃபர் கிராஃப்ட் போன்ற மொழிபெயர்ப்பாளர்கள் இதற்காக ஓர் இயக்கமே நடத்த வேண்டியிருந்தது.

பின்னட்டையில்தான் விற்பனை முடிவாகிறது. வாங்குகிறவர் கை போகும் வரிசை ஏறக்குறைய எப்போதும் ஒன்றுதான்: முகப்பு, திருப்பி பின்னட்டை, விலை, பிறகு நடுவில் ஏதோ ஒரு பக்கம். பின்னட்டையில் 'மானுடத்தின் ஆழங்களைத் தொடும் படைப்பு' என்று இருந்தால் அவருக்கு ஒன்றும் கிடைக்காது. கதை எந்த ஊரில், எந்தக் காலத்தில், யாருக்கு என்ன நேர்கிறது என்று நாலு வரி போதும். தூத்துக்குடி உப்பளத்தில் வேலை செய்யும் இரண்டு சகோதரிகளின் கதை என்று எழுதினால், உப்பளம் பார்த்தவரும் நின்று படிப்பார், பார்க்காதவரும் படிப்பார். எழுத்தைப் பொடியாக்காதீர்கள். தமிழ்ப் புத்தகம் வாங்குகிறவர்களில் கண்ணாடி போட்டவர்கள் மிக அதிகம், கருத்த படத்தின் மேல் ஒன்பது புள்ளி வெள்ளை எழுத்தைப் படிக்க முடியாமல் என்னிடம் நீட்டி 'என்ன தம்பி எழுதியிருக்கு' என்று கேட்கிறார்கள். விலை பின்னட்டையின் கீழ் மூலையில் பளிச்சென்று இருக்கட்டும். உள்ளே தேட வைத்தால் சிலர் கேட்கக் கூச்சப்பட்டே வைத்துவிட்டுப் போய்விடுகிறார்கள்.

இதெல்லாம் ஏன் இவ்வளவு காலம் கவனிக்கப்படாமல் இருந்தது என்று கேட்டால், தமிழ்ப் பதிப்புத் தொழிலில் பெரும்பகுதி நெடுங்காலம் நூலக ஆணையை, அதாவது பொது நூலகங்களுக்காக அரசு மொத்தமாக வாங்குவதை, நம்பி இருந்தது. அங்கே 16 பக்கம் கொண்ட ஃபாரம் கணக்கில்தான் விலை போட்டார்கள். அட்டை அழகாக இருந்தாலும் இல்லாவிட்டாலும் அதே தொகை. அப்படி இருக்கும்போது அட்டைக்கு யார் செலவு செய்வார்கள்? கடையை நம்பிப் போடுகிற பதிப்பகங்கள் வளர்ந்த பிறகுதான் அட்டையும் வளர்ந்தது.

கடைக்காரருக்கு மட்டுமே தெரிகிற சில விஷயங்களும் உண்டு. மேட் லேமினேஷன் (பளபளப்பில்லாத மெல்லிய பிளாஸ்டிக் படலம்) போட்ட கறுப்பு அட்டை அச்சகத்திலிருந்து வரும்போது பட்டு மாதிரி இருக்கும், பத்துப் பேர் எடுத்துப் பார்த்ததும் விரல் ரேகையும் கீறலுமாக ஆகிவிடும், பதினோராவது ஆள் 'வேற காப்பி இருக்கா' என்பார். வெள்ளை அட்டையின் ஓரம் காட்சி மைதானத்துப் புழுதியில் மூன்றே நாளில் பழுப்பாகும். ஐப்பசி, கார்த்திகை மழையில் மெல்லிய அட்டைகள் வெளிப்பக்கம் சுருண்டு எழும்பும். லேமினேஷன் போட்ட வெளிப்பக்கம் அப்படியே இருக்க, போடாத உள்பக்கம் ஈரம் குடித்து விரிவதால் வருகிற வளைவு அது. அட்டைத் தாளைக் கொஞ்சம் கனமாகப் போட்டு, தாளின் இழை ஓடும் திசை முதுகுக்கு இணையாக இருக்கும்படி வெட்டினால் பெரிதும் குறையும். எந்த நல்ல அச்சகத்துக்கும் இது தெரியும், ஆனால் தாள் மிச்சம் பிடிக்க நினைக்கும்போது விட்டுவிடுகிறார்கள். நீங்கள் ஒருமுறை கேட்டுவிடுங்கள்.

சரி, கையெழுத்து.

கணக்கை முதலில் பார்த்துவிடுவோம். 250 ரூபாய் புத்தகம், கடைக்கு 30 விழுக்காடு கழிவு என்று வைத்துக்கொண்டால் ஒரு பிரதிக்கு 75 ரூபாய். புத்தகக் காட்சியில் 10 விழுக்காடு தள்ளுபடி தந்து பழக்கிவிட்டதால் கடையிலும் அதையே எதிர்பார்க்கிறார்கள், தந்தால் 50 ரூபாய். நிகழ்ச்சியில் 20 பிரதி விற்றால் ஆயிரம் ரூபாய். நாற்காலி வாடகை, தேநீர், சுவரொட்டி, அன்று மற்ற வாடிக்கையாளர்களைக் கவனிக்க முடியாமல் போவது எல்லாம் சேர்த்தால் கடைக்கு அந்த நாளில் லாபம் கிடையாது. அப்படியும் நான் நிகழ்ச்சிகள் வைக்கிறேன், விருப்பத்தோடு வைக்கிறேன், ஏனென்றால் பலன் அடுத்த மாதங்களில்தான் வருகிறது. எழுத்தாளரிடம் அரை மணி நேரம் பேசிக்கொண்டிருந்த கடைப் பையனுக்கோ பெண்ணுக்கோ அந்த நாவல் எதைப் பற்றியது என்று தெரிந்துவிடும். அதற்குப் பிறகு யாராவது வந்து 'நல்ல நாவல் ஏதாச்சும் சொல்லுங்க' என்றால் அந்தப் பெயர் தானாக வாயில் வரும். உங்கள் நிகழ்ச்சியின் முதல் பார்வையாளர்கள் கல்லாவில் நிற்கிறவர்கள். வந்ததும் அவர்களிடம் போய்ப் பேசுங்கள், ஒரு பிரதியில் அவர்கள் பெயர் எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுங்கள். மேடைப் பேச்சைவிட அது அதிகம் விற்கும்.

எப்போது வைப்பது? வெளியீட்டு விழா முடிந்த சூட்டோடு வேண்டாம். வெளியீட்டுக்கு வருகிறவர்கள் நண்பர்கள், உறவினர்கள், அலுவலகத்தினர். முதல் பிரதி பெற்றுக்கொள்வது, பொன்னாடை, வாழ்த்துரை எல்லாம் அன்றைக்கு நடந்துவிடும், வாங்கக் கூடியவர்களும் அன்றே வாங்கிவிடுவார்கள். அடுத்த வாரமே என் கடையில் உட்கார்ந்தால் புதிதாக வர ஆள் இருக்காது. இரண்டு மூன்று மாதம் போகட்டும். அதற்குள் சிலர் படித்திருப்பார்கள், ஓரிரு மதிப்புரை வந்திருக்கும், படித்தவர் கேள்வியோடு வருவார். ஜனவரியில் புத்தகம் வந்தால் மார்ச், ஏப்ரலில் ஒரு ஞாயிறு மாலை சரியாக இருக்கும். புத்தகக் காட்சி அரங்கில் உட்காருவது தனி விஷயம், அங்கே பொங்கல் விடுமுறை நாட்களில் கூட்டம் எப்படியும் வரும், உங்கள் வேலை அரங்கிலேயே இருப்பதுதான்.

இருப்பது என்றால் நின்றுகொண்டு இருப்பது. மேசைக்குப் பின்னால் புத்தக அடுக்கோடு உட்கார்ந்திருக்கும் எழுத்தாளரைப் பார்த்தால் நம் வாசகர்களுக்குக் கூச்சம் வந்துவிடுகிறது. பக்கத்தில் போனால் வாங்கியே ஆக வேண்டுமோ என்று நினைத்து, தள்ளி நின்று பார்த்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். நீங்கள் அலமாரிப் பக்கம் நின்று, அவர் கையில் இருக்கிற வேறு யாருடைய புத்தகத்தைப் பற்றியோ நல்லதாக இரண்டு வார்த்தை சொல்லிப் பாருங்கள். அவர் அதையும் வாங்குவார், திரும்பி 'உங்க புத்தகம் எது சார்' என்று அவரே கேட்பார். இன்னொருவர் எழுத்தைப் பரிந்துரைக்கிற எழுத்தாளரைக் கடைக்காரர்கள் மறக்கவே மாட்டார்கள். வேறு எங்கோ வாங்கிய பழைய பிரதியோடு ஒருவர் வந்தால் முகம் சுளிக்காமல் கையெழுத்திடுங்கள். அவர்தான் ஏற்கெனவே படித்தவர், அன்று உங்களுக்கு வந்த விருந்தாளிகளிலேயே முக்கியமானவர்.

கையெழுத்துக்கும் முறை உண்டு. தலைப்புப் பக்கத்தில் போடுங்கள். முதலில் வரும் வெற்றுத்தாள் கிழிந்து போகக் கூடியது, தலைப்பும் உங்கள் பெயரும் அச்சாகியிருக்கும் பக்கத்தில் இருந்தால் புத்தகம் உள்ளவரை இருக்கும். ஜெல் பேனாவில் எழுதி உடனே மூடினால் எதிர்ப்பக்கத்தில் அப்படியே பதியும், ஊற்றுப் பேனா மை சில தாள்களில் பரவும், நல்ல பந்துமுனைப் பேனாதான் நம்பகமானது. பெயரைக் காதால் கேட்டு எழுதாதீர்கள், ஒரு துண்டுத்தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். ஸ்ரீயா சிறீயா, ஷண்முகமா சண்முகமா, முதலெழுத்து உண்டா இல்லையா என்பதெல்லாம் அவரவர் உரிமை, தப்பாக எழுதினால் அந்தப் பிரதியை அவரும் விரும்பமாட்டார், நானும் வேறு ஒருவருக்கு விற்க முடியாது. ஊரும் தேதியும் சேர்த்து எழுதினால் வாசகருக்குப் பின்னாளில் அது ஒரு நினைவு.

மீதமிருக்கும் பிரதிகளில் கையெழுத்திடுவதற்கு முன் கடைக்காரரிடம் கேளுங்கள். பல புத்தகங்கள் விற்றால் பணம், விற்காவிட்டால் திருப்பி அனுப்புவது என்ற ஏற்பாட்டில் இருப்பவை, கையெழுத்திட்டால் திருப்ப முடியாமல் போகலாம். யார் பெயரும் எழுதாத வெறும் கையெழுத்து என்றால் நான் பத்துப் பிரதியாவது போட்டு வாங்கிக்கொள்வேன், வெளியூர் வாசகர்கள் அஞ்சலில் கேட்கிறார்கள். கையெழுத்திட்ட பிரதி என்று அட்டையில் ஸ்டிக்கர் ஒட்ட வேண்டாம். பிரிக்கும்போது லேமினேஷனும் சேர்ந்து வரும். குறுக்கே ஒரு தாள் பட்டை சுற்றினால் போதும்.

முன்பதிவுத் திட்டத்தில் கையெழுத்திட்ட பிரதி தருவதாக உங்கள் பதிப்பகம் அறிவித்தால், அத்தனையிலும் நீங்களே உட்கார்ந்து போட வேண்டும். முத்திரையோ, அச்சிட்ட கையெழுத்தோ, உதவியாளர் கையோ கூடாது. 2022இல் அமெரிக்காவில் பாப் டிலனின் நூலொன்றை 599 டாலருக்குக் கையெழுத்திட்ட பிரதி என்று 900 பிரதிகள் விற்றார்கள். வாங்கியவர்கள் தங்கள் பிரதிகளை ஒப்பிட்டுப் பார்த்து, கையெழுத்து இயந்திரம் போட்டது என்று கண்டுபிடித்துவிட்டார்கள். பதிப்பகம் பணத்தைத் திருப்பிக் கொடுத்தது, டிலன் மன்னிப்புக் கேட்டார். அவ்வளவு பெரிய பெயருக்கே வாசகர்கள் விட்டுக்கொடுக்கவில்லை. எழுத்தாளர் தங்கள் பிரதியைக் கையில் எடுத்து ஒரு கணம் தங்களை நினைத்தார் என்பதற்குத்தான் அவர்கள் பணம் தருகிறார்கள், அது மட்டும் பொய்யாக இருக்கக் கூடாது.

இனி நீங்கள் செய்ய வேண்டியது: மூன்று மாதிரிகளையும் உண்மையான அளவில் வண்ணத்தில் அச்செடுத்து, அதே கனமுள்ள பழைய புத்தகங்களுக்கு உறையாகச் சுற்றுங்கள். ஒரு வார நாள் காலையில், கூட்டமில்லாத நேரத்தில், உங்கள் ஊர்க் கடைக்கு எடுத்துப் போய் அலமாரியில் ஒன்று, மேசையில் ஒன்று என்று மாற்றி மாற்றி வைத்துப் பாருங்கள். எது நன்றாக இருக்கிறது என்று கடைக்காரரிடம் கேட்காதீர்கள், உபசாரத்துக்கு எல்லாமே நன்றாக இருக்கிறது என்பார். எந்த அலமாரியில் இதை வைப்பீர்கள், யாரிடம் எடுத்துக் கொடுப்பீர்கள் என்று கேளுங்கள். அட்டையைப் பார்த்தே அவரால் பதில் சொல்ல முடிந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள். அப்படியே ஏப்ரலில் எந்த ஞாயிறு அவருக்குத் தோதுப்படும் என்றும் கேட்டு வைத்துவிடுங்கள், பிரதிகள் இரண்டு வாரம் முன்பே கடைக்கு வந்து சேருவதற்குப் பதிப்பாளரிடம் இப்போதே சொல்லிவிடலாம்.